மஞ்சள் கட்டத்துக்குள் சுகுணா

“அசையாதே!” என்று கத்தினார் நாராயணப்பன்.

சமையலறை ஜன்னலோரம் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்த சுகுணா அசையவில்லை. அசைந்தது அடுப்பிலிருந்த பால். அது பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டு, மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது.

“என்னங்க, பாலு...”

“பால் போனா வாங்கிக்கலாம். கோணம் போனா வராது. அப்படியே நில்லு.”

சமையலறை வாசலுக்கு நேரே ஹாலில் இருந்த டிவி, ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே செய்தியைக் காலையிலிருந்து ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து கிளம்பிய கறுப்பு வயர், ஹாலைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்த ஆன்டெனாவில் முடிந்தது. முயல் காது போல இரண்டு கம்பி. நடுவே ஒரு வட்ட வளையம். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சோபாவில் சாய்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் படத்துல இருக்கற அம்மா உக்காந்துகிட்டுதானே டிவி பாக்குது?” என்றாள் சுகுணா, கை வலியோடு.

“அவங்க வூடு டவருக்குப் பக்கத்துல இருக்கும். நாம பார்டர்ல இருக்கோம்.”

ஓசூரில் எது கெட்டாலும் இந்த ஒரு பதில் போதும்.

நாராயணப்பன், சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். மற்றவர்கள் செய்ததை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சிவப்புச் சீட்டு ஒட்டுவதுதான் அவருடைய வாழ்நாள் பணி. உலகத்தைப் படைத்தவனும் கடைசியில் ஒரு முறை சரிபார்க்காமல் அனுப்பிவிட்டான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஆனால் தொழிற்சாலைத் தலைவருக்குப் பிடித்துப்போனால், ‘ஆலோசகர்’ என்று ஒரு பெயரைச் சூட்டி, இரண்டு வருஷம் நீட்டிப்புக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். அந்த நீட்டிப்புக்காக நாராயணப்பன் வேண்டாத தெய்வம் இல்லை. அவரைவிடத் தீவிரமாக வேண்டிக்கொண்டிருந்தவள் சுகுணா.

அவளுக்குக் காரணம் இருந்தது. பொங்கல் விடுமுறையில் அவர் சில நாட்கள் சேர்ந்தாற்போல் வீட்டிலிருந்தார். அதற்குள் மிக்சியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினார். துடைப்பத்துக்குத் தனிக் கட்டம், அதற்குள் துடைப்பத்தின் நிழலுருவம். கடுகு டப்பாவில் ‘கடுகு’ என்றும், அதைத் திறந்தால் உள்மூடியில் ‘திறந்தவர் மூடவும்’ என்றும் எழுதினார். பானையிலிருந்த பழம்புளியை ‘காலாவதி’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டார். உத்தனப்பள்ளித் தோட்டத்துப் புளி. கறுத்துப் பதமாகட்டும் என்று சுகுணா காத்து வைத்திருந்தது. விஷயம் தெரிந்தபோது அவள் அழவில்லை. அன்றிலிருந்து எலுமிச்சம்பழ ரசமே வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மனிதர் வருஷம் முழுக்க வீட்டிலிருந்தால் என்னவாகும் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் இன்னொரு தெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் நிறுவனம் ‘வீட்டிலும் கைசன்’ என்று ஒரு போட்டியை அறிவித்தது. கைசன் என்றால் ஜப்பானிய மொழியில் முன்னேற்றம் என்று அர்த்தமாம். ஓசூரில் அதற்கு அர்த்தம், ‘முன்பு’ ஒரு போட்டோ, ‘பின்பு’ ஒரு போட்டோ ஒட்டிய அட்டை. சிறந்த அட்டையைத் தொழிற்சாலைத் தலைவரே வீட்டுக்கு வந்து பார்வையிடுவார்.

தலைவர் வீட்டுக்கு வந்தால் நீட்டிப்பு வந்த மாதிரிதான்.

நாராயணப்பன் அன்றைக்கே கூரையிலிருந்த டிஷ்ஷைக் கழற்றினார். இன்டர்நெட் வயரை அறுத்தார். “காத்துல சும்மா வர்றதை விட்டுட்டு எவனோ அனுப்பறதை வாங்கிப் பாக்கறோம். வேஸ்ட்!” என்று அறிவித்தார்.

அவர் வயரை அறுத்த நொடியில் டிவியில் ஒரு மாமியார், காபியில் எதையோ கலந்து மருமகளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் கையை நீட்டினாள். படம் போய்விட்டது.

“ஐயோ!” என்று அலறினாள் சுகுணா.

“ஷாக் அடிச்சிடுச்சா?”

“குடிச்சாளா இல்லையான்னு தெரியலையேங்க!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவை எல்லாமே அதிர்ச்சிகள்தான்.

தொழிற்சாலையில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும் என்பது விதி. நாராயணப்பன் டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். ஏன் படம் வரவில்லை? சிக்னல் இல்லை. ஏன் இல்லை? ஆன்டெனாவுக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? இடம் சரியில்லை. ஏன் சரியில்லை? பொருட்கள் தாறுமாறாக இருக்கின்றன. ஏன் தாறுமாறாக இருக்கின்றன? ஐந்தாவது ‘ஏன்’ ஒரு ஆள் மேல் போய் விழ வேண்டும் என்பது அவருடைய தொழில் அனுபவம். வீட்டிலிருந்த ஆள் சுகுணா மட்டும்தான். மகள் ஸ்வாதி, முதல் சம்பளத்தில் இந்த ஸ்மார்ட் டிவியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் புனேவுக்குத் தப்பித்துப் போயிருந்தாள்.

ஆன்டெனாவை முதலில் பீரோ மேல் வைத்தார். வரவில்லை. பூஜை அலமாரியில், முனீஸ்வரனுக்கும் வெங்கடாசலபதிக்கும் நடுவே வைத்தார். பழக்கதோஷத்தில் சுகுணா அதற்கும் பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டாள். அதற்கும் அது மசியவில்லை.

பிறகு, மற்ற மின்சாதனங்கள் குறுக்கிடுகின்றன என்று முடிவு செய்து, டிவியைத் தவிர எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்தார். சாயங்காலம் சுகுணா ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, தோசை மாவு தானாகவே வெளியே வந்து அவளை வரவேற்றது.

அதன் பிறகு, சமையலறை ஜன்னலில் கொசுவுக்காக அடித்திருந்த அலுமினிய வலை அலைகளைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். “பெங்களூர் திசை இதுதான். நாமளே கதவை மூடி வச்சிருக்கோம்!” என்று வலையைப் பிய்த்தெடுத்தார். பெங்களூர் வரவில்லை. கொசு வந்தது. கொசுவுக்குப் பின்னால் ஒரு பூனை வந்து மேடையிலிருந்த பாலைக் குடித்துவிட்டுப் போனது. ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டு வஜிஹாவின் சமையலறை மட்டும் இப்போது பளிச்சென்று தெரிந்தது.

கடைசியில்தான் தாம்பாளம். அலையைத் தட்டித் திருப்பி ஆன்டெனா மேல் விழச் செய்ய ஒரு பளபளப்பான உலோகப் பரப்பு வேண்டும் என்றார். ஜன்னலோரம் தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு கட்டம் ஒட்டினார். அதற்குள் இரண்டு பாதங்கள் வரைந்தார். பாதங்களின் மேல் சுகுணாவை நிறுத்தினார்.

அப்படித்தான் பால் பொங்கியது.

மறுநாள் காலை, பால் கடன் வாங்கிவர எதிர்வீட்டுக்குப் போன சுகுணா திரும்ப நெடுநேரமாயிற்று. வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“அந்தப் பொண்ணு வஜிஹா காபி குடுத்துச்சு. குடிச்சிட்டு வந்தேன்.”

“எப்பப் பாத்தாலும் கையில ஃபோனு அதுக்கு. அதுகிட்ட என்ன பேச்சு?”

“சும்மா, பொம்பளைங்க பேச்சு.”

அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலேயே சுகுணா மஞ்சள் கட்டத்துக்குள் போய் நின்று தாம்பாளத்தைத் தூக்கினாள். மனைவிக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நாராயணப்பன் மகிழ்ந்துகொண்டிருந்தபோதே டிவித் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் தோன்றியது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி.

“சுகுணா! என்னமோ கேக்குது!”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் ஓடிவந்தாள். “அழுத்தட்டுங்களா?”

“அழுத்து, அழுத்து. டவரு அனுமதி கேக்குது.”

ரிமோட்டின் நடுப் பொத்தானை அழுத்திவிட்டு, ஓடிப்போய்ப் பாதங்களின் மேல் நின்று, தாம்பாளத்தைத் தூக்கினாள்.

படம் வந்தது.

புள்ளி இல்லை, கோடு இல்லை. கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிப் படம். ஆன்டெனாவைத் திருப்ப ஸ்டூல் மேல் ஏறியிருந்த நாராயணப்பன் கீழே விழாமல் இருக்க ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

திரையில் ஒரு மாமியார் காபியை நீட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் வாங்கினாள். ஆற்றினாள். நாத்தனார் பிடுங்கிக் குடித்துவிட்டாள்.

“அப்பாடா!” என்றாள் சுகுணா.

“பெங்களூர் டவர்ல எப்படித் தமிழ் சீரியல் வருது?” என்று நாராயணப்பனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

“பெங்களூர்ல தமிழாளுங்க இல்லீங்களா?”

சந்தேகம் அடங்கியது.

அடுத்து வந்த நாட்களில் அந்த ஆன்டெனா எல்லையில்லாமல் இயங்கியது. கன்னடத்தில் ஒருவர் பிசிபேளேபாத் செய்தார். தெலுங்கில் ஒரு பெண் கண்ணை உருட்டிச் சபதம் போட்டாள். தமிழில் ஒருத்தி புடவைகளை விரித்து விரித்துக் காட்டினாள். நாராயணப்பன் ஒவ்வொன்றுக்கும் டவர் கண்டுபிடித்தார். கன்னடம் பெங்களூர். தெலுங்கு ஆந்திரத்துக் குப்பம். புடவை, சந்தேகமே இல்லாமல் சேலம்.

“மூணு மாநிலம் சேர்ற இடத்துல உக்காந்திருக்கோம் சுகுணா. எந்த அலை வந்தாலும் நம்ம வூட்டைத் தாண்டித்தான் போகணும்.”

“ஆனா கிரிக்கெட் மட்டும் வர மாட்டேங்குதேங்க?”

“அது கனமான சிக்னல். ஆளுங்க ஓடறாங்க இல்ல?”

ரிமோட்டில் அவர் எந்தச் சானலை அழுத்தினாலும் படம் மாறவில்லை. அதற்கும் விளக்கம் இருந்தது: காற்றில் வருவதை நாம் அதிகாரம் செய்ய முடியாது.

ஒரே ஒரு சங்கடம். சுகுணா கட்டத்தை விட்டு நகர்ந்தால் படம் போனது. தாம்பாளத்தைக் கீழே இறக்கினால் படம் போனது. அவர் கையில் வாங்கிப் பிடித்தாலும் போனது.

ஓடுகிற மெஷினை விட்டு ஆபரேட்டர் நகரக் கூடாது என்பது நாராயணப்பன் தொழிற்சாலையில் கொண்டுவந்த விதி. அதை அவரே மீற முடியுமா? கட்டத்துக்குள் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். தாம்பாளத்தை ஜன்னல் விளிம்பில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சுகுணா உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்க முடியாததால் காபியை அவர் போட்டார். சப்பாத்தி மாவை அவர் பிசைந்தார். பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு மேலே ‘கழுவியவர் துடைக்கவும்’ என்று அவரே ஒட்டியிருந்த அட்டையை முதல் முறையாகப் படித்துப் பார்த்து, துடைத்தார்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க” என்றாள் சுகுணா, தெலுங்குச் சபதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாளைக்குக் குறைச்சிடறேன்.”

ஒரு நாள் கறிவேப்பிலை கொடுக்க வஜிஹா வந்தாள். கையில் மாவு, அக்குளில் ஃபோன். நாராயணப்பன் மாவு பிசைந்த கையோடு அவளை நிறுத்திப் பாடம் எடுத்தார்.

“ஏம்மா, எந்நேரமும் ஃபோனையே பாத்துகிட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? மாசாமாசம் நெட்டுக்கு அழறீங்க. இங்க பாரு. ஒயர் கெடையாது, டிஷ் கெடையாது. காத்துலேர்ந்து புடிக்கறேன்.”

வஜிஹா டிவியைப் பார்த்தாள். சுகுணாவைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அல்லா! அதிசயமா இருக்கே சார்!”

“அதிசயம் இல்ல. அறிவியல்.”

“எங்களுக்கெல்லாம் எங்க சார் அது புரியுது” என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக வெளியேறினாள். சந்தில் யாரோ நெடுநேரம் இருமுவது கேட்டது.

அட்டை தயாரானது. ‘முன்பு’ போட்டோவில் டிஷ். ‘பின்பு’ போட்டோவில் தாம்பாளத்துடன் சுகுணா. அதற்குக் கீழே பச்சை மையில்: ‘செலவு: பூஜ்யம்.’

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வேண்டும் என்று தன் துறை இளநிலைப் பொறியாளன் ஹரீஷ்குமாரை வரவழைத்தார். ஹரீஷ்குமார் கட்டத்தில் நின்று தாம்பாளம் தூக்கினான். படம் வரவில்லை.

“உயரம் ஜாஸ்தி. முட்டியை மடக்கு.”

மடக்கினான். வரவில்லை.

“சுகுணா கையில வளையல் இருக்குது. உன் கையில இல்ல. அதான் வித்தியாசம்.”

சுகுணாவின் வளையல்களைச் சோப்புப் போட்டு ஹரீஷ்குமாரின் கையில் ஏற்றினார்கள். முட்டியை மடக்கி, வளையல் குலுங்க, தாம்பாளத்தோடு அவன் நின்ற கோலத்தை எதிர் ஜன்னலிலிருந்து யாரோ பார்த்து ‘வீல்’ என்று சிரித்தார்கள். படம் மட்டும் வரவில்லை.

“சார், எனக்கு ஒண்ணு தோணுது” என்றான் அவன், வளையலைக் கழற்ற முடியாமல். “இந்த ஆன்டெனாவைக் கழட்டிட்டு ஒரு தடவை பாத்தா...”

“கழட்டறதா! ஓடற ப்ராசஸ்ல எவனாவது கை வைப்பானா?”

ஹரீஷ்குமார் வளையல்களோடுதான் வீட்டுக்குப் போனான்.

சுகுணாவின் உடம்பில் இயற்கையாகவே இரும்புச்சத்து அதிகம் என்று அட்டையில் ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பினார் நாராயணப்பன்.

தேர்வாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருகிறார்.

அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நாராயணப்பன் மஞ்சள் டேப்பை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். “சுகுணா, அன்னிக்கு மட்டும் படம் நின்னுச்சுன்னா அவ்வளவுதான். அடுத்த மாசத்துலேர்ந்து நான் வூட்லதான்.”

சுகுணாவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

“நிக்காதுங்க” என்றாள். “நான் பாத்துக்கறேன்.” எந்தச் செருப்பை மாட்டுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் உடனே வெளியே கிளம்பினாள்.

“எங்க போற?”

“கறிவேப்பிலை வாங்க.”

தொழிற்சாலைத் தலைவர் மாதேஸ்வரன் சிங்காரப்பேட்டையில் பிறந்தவர். ஒரு தடவை ஜெர்மனி போய் வந்ததிலிருந்து, சிங்காரப்பேட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்று மற்றவர்களைக் கேட்பார். காரிலிருந்து இறங்கும்போதே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டு, வாசற்படியை உதைத்துப் பார்த்தார். தரம் சோதிக்கிறாராம்.

“ஷோ மீ, நாராயணப்பன்.”

சுகுணா புதுப்புடவையில் கட்டத்துக்குள் நின்றாள். அழுத்தித் தேய்த்த தாம்பாளம் சூரியன் மாதிரி மின்னியது. தூக்கினாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. நாராயணப்பனின் நெற்றியில் வியர்வை. அப்புறம் திரை மின்னி, “நமஸ்கார வீக்ஷகரே!” என்று கன்னடத்தில் ஒரு செய்தி வாசிப்பாளர் கைகூப்பினார்.

மாதேஸ்வரனின் புருவம் உயர்ந்தது. “இறக்குங்க.”

சுகுணா இறக்கினாள். செய்தி வாசிப்பாளர் மறைந்தார்.

“ஏத்துங்க.”

வந்தார்.

“இறக்குங்க. ஏத்துங்க. இறக்குங்க.”

அந்தக் கன்னடக்காரர் வருவதும் போவதுமாக இருந்தார். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

“தூக்கினதும் உடனே வரலையே, கொஞ்சம் லேட்டாகுதே?” என்றார் மாதேஸ்வரன் கூர்மையாக.

“பெங்களூர்லேர்ந்து வரணும் இல்லீங்களா சார். அத்திப்பள்ளியில ட்ராஃபிக்...” என்று உளறிவிட்டு, “அலை ட்ராஃபிக் சார்” என்று திருத்திக்கொண்டார் நாராயணப்பன்.

“ரிபீட்டபிலிட்டி இருக்கு. குட். ஆனா ஒரு குறை.” மாதேஸ்வரன் விரலை உயர்த்தினார். “ஆளை நம்பி ஒரு ப்ராசஸ் இருக்கக் கூடாது. ஆட்டோமேட் பண்ணணும். மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க.”

சுகுணா பதறினாள். “வேணாங்க சார், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க.”

“நோ, நோ.”

ஹாலில் இருந்த பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிவந்து, கட்டத்துக்குள் நிறுத்தி, அதன் கழுத்தில் தாம்பாளத்தைத் துணிக்கயிற்றால் கட்டினார்கள். சுகுணாவின் உயரத்துக்கு ஏற்றினார்கள். படம் வரவில்லை. மாதேஸ்வரன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஃபேனை இடப்பக்கம் திருப்பினார். வரவில்லை. தாம்பாளத்தைச் சாய்த்தார். வரவில்லை. ‘மேடத்துக்கும் ஃபேனுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று ஐந்து முறை ஏன் கேட்டார். கடைசி ஏனின் முடிவில் ஃபேனுக்குச் சுகுணாவின் பழைய புடவை ஒன்றைச் சுற்றினார்கள். அதற்கும் வரவில்லை. யாருடைய முழங்கையோ பட்டு ஃபேன் ஓடத் தொடங்க, தாம்பாளம் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து, மாதேஸ்வரனின் காதோரம் உரசிப்போய்ச் சிங்க்குக்குள் விழுந்தது. புடவை அவர் முகத்தில் சுற்றிக்கொண்டது.

எதிர் ஜன்னலில் ஒரு கரண்டி விழும் சத்தம்.

தலைவரின் முகத்திலிருந்து மனைவியின் புடவையை எப்படி மரியாதையாக எடுப்பது என்று நாராயணப்பனின் எந்தக் கையேட்டிலும் இல்லை.

“நாராயணப்பன்!” என்றது புடவைக்குள்ளிருந்து ஒரு குரல். அதில் ஜெர்மனி சுத்தமாக இல்லை. “என்னய்யா இது கண்றாவி? உனக்கு எக்ஸ்டென்ஷன் ஒரு கேடா?”

அந்த வார்த்தை சுகுணாவின் காதில் விழுந்தது.

சிங்க்கிலிருந்து தாம்பாளத்தை எடுத்தாள். ஃபேனைக் காலால் ஒதுக்கினாள். பாதங்களின் மேல் நின்று, இரண்டு கையாலும், சாமிக்கு ஆரத்தி எடுப்பது போலத் தூக்கினாள்.

“நமஸ்கார வீக்ஷகரே!”

புடவையை விலக்கிய மாதேஸ்வரன் திரையைப் பார்த்தார். சுகுணாவைப் பார்த்தார். மெள்ள ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணில் அதிர்ச்சி. அதற்குப் பின்னால் ஒரு பக்தி.

“மேடம் நின்னாத்தான் வருது” என்றார், சன்னமாக.

“இரும்புச்சத்து சார்” என்றார் நாராயணப்பன், அதைவிடச் சன்னமாக.

“இதை நான் ஹெட் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறேன். மேடத்தை மாடலா வச்சு ஒரு டெமோ. நீங்கதான் ஆலோசகர்.” அவர் எழுந்து நாராயணப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நாளைக்கே ஆர்டர் போடச் சொல்றேன். ரெண்டு வருஷம் என்ன, மூணு வருஷம் இருங்க.”

நாராயணப்பனின் கண்ணில் நீர் நிறைந்தது. சுகுணாவின் கண்ணிலும்தான். மூன்று வருஷம்! தாம்பாளம் மட்டும் இறங்கவில்லை.

அப்போதுதான் செய்தி வாசிப்பாளர் வாயைத் திறந்தபடி மறைந்துபோனார். டிவி டிரிங், டிரிங் என்று மணியடித்தது. திரை முழுவதும் ஒரு பெரிய சிவப்பு ரோஜாப்பூ. அதற்குக் கீழே பச்சையில் ஒரு வட்டம், சிவப்பில் ஒரு வட்டம்.

“இது என்ன?” என்றார் மாதேஸ்வரன்.

“விளம்பரம் சார்” என்றார் நாராயணப்பன் சட்டென்று. “ஓசூர் ரோஜா. தோட்டக்கலைத் துறை போடறாங்க.”

ரோஜாவும் போனது. ‘சிக்னல் இல்லை.’

“மேடம் அசையவே இல்லையே?” என்றார் மாதேஸ்வரன்.

அசையவில்லைதான். தாம்பாளம் அதே உயரத்தில் இருந்தது. பாதங்கள் வரைந்த இடத்தில் இருந்தன. சுகுணாவின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. வலை பிய்த்த ஜன்னல் வழியாகக் காற்று தாராளமாக வந்தது. தலைவரும் மேலாளரும் மூச்சு விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வஜிஹாவின் குரல் கணீரென்று கேட்டது:

“சுகுணாக்கா! எங்க வூட்டுக்காரரு நடுவுல ஃபோன் பண்ணிட்டாரு, அதான் உங்க டிவி நின்னுருச்சு. தட்டை மட்டும் இறக்கிடாதீங்க, பெரிய சார் கிளம்பற வரைக்கும் என் ஃபோன்லேர்ந்து நியூஸையே போட்டு வைக்கறேன், அப்புறமா நம்ம சீரியலு!”